தொகுத்தோன் பெயரில்லாத் தொகுப்பு: நிரல்களுள் உட்பொதிக்கப்படும் தமிழ் உரைக்கோப்புகள் – ஒரு மூலபாடத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கிய உரைகளையும் சொற்பட்டியல்களையும் கணினி நிரல்களுக்குள் உட்பொதித்து வழங்கும் வழக்கம் பெருகியுள்ளது. மூலநிரலை எந்திரமொழிக்கு மாற்றும்போதே உரைக்கோப்பையும் அதனுடன் சேர்த்து ஒரே இயங்கு கோப்பாக்கும் இம்முறை, பொதுவாக நிரலாக்க உத்தியாக மட்டுமே கருதப்படுகிறது. ஓர் உரையின் பாடம், வரிசை, குறியேற்றம், பெயர் ஆகியவற்றை உறுதி செய்து வாசகருக்கு அளிக்கும் செயல் பதிப்புச் செயலேயாகும். ஆதலால் உட்பொதித்தலும் மூலபாட ஆய்வின் அளவுகோல்களுக்கு உட்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பைட்டுக் கணக்கு, கோப்புப் பெயர், இயங்குதள வேறுபாடு, பதிப்புக் குறிப்பு ஆகிய நான்கு நிலைகளில் தமிழ் உரை அடையும் மாற்றங்கள் இங்கு ஆராயப்படுகின்றன. தொகைநூல் மரபும் தில்லையில் திருமுறை கண்ட மரபும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உட்பொதித்தல், தொகுப்பி, மூலபாட ஆய்வு, ஒருங்குறி, குறியேற்றம், திருக்குறள், திருமுறை, மதுரைத் திட்டம்.

முன்னுரை

ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து மின்னுரைக்கும் தமிழ் நூல்கள் பெயர்ந்த வரலாறு பலவாறு ஆராயப்பட்டுள்ளது. மின்னுரை, நிரலுக்குள் புகுந்து தன் தனிக்கோப்பு வடிவத்தை இழக்கும் அடுத்த கட்டம் போதிய கவனம் பெறவில்லை. திருக்குறள் செயலி, அகராதி, எழுத்துப்பிழை திருத்தி, யாப்புப் பகுப்பான் போன்ற கருவிகளில் உரை உள்ளது. ஆனால் அது கோப்பாகக் கண்ணில் படுவதில்லை. இக்கருவிகள் தரும் சொல்லெண்ணிக்கைகளும் வருகைப் பட்டியல்களும் ஆய்வேடுகளில் சான்றாக இடம்பெறும்போது, அவ்வெண்ணிக்கை எந்தப் பாடத்திலிருந்து கிடைத்தது என்ற வினா எழுகிறது. இவ்வினாவுக்கு விடை கூற இயலாத எண்ணிக்கை, பக்க எண்ணும் பதிப்பும் சுட்டாத மேற்கோளுக்கு நிகரானது.

இவ்வினாவை ஆராயக் கடலூர் மாவட்டம் பொருத்தமான களமாக அமைகிறது. விருத்தாசலம் வட்டத்துக் கம்மாபுரத்தையும் தில்லை எனப்படும் சிதம்பரத்தையும் உள்ளடக்கிய இம்மாவட்டத்தில்தான், நம்பியாண்டார் நம்பியின் ஊராகிய திருநாரையூரும், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளின் ஊராகிய காட்டுமன்னார்கோவிலும் உள்ளன. பூட்டிய உரையைத் திறந்தது பற்றிய மரபும், சிதறிய உரையைத் தொகுத்தது பற்றிய மரபும் ஒரே வட்டாரத்தில் வழங்குகின்றன. இக்கட்டுரை கம்மாபுரம் என்ற ஊர்ப்பெயரைக் குறியேற்றத்துக்கான சான்றுச் சொல்லாகவும், தில்லை மரபை ஒப்பீட்டுச் சான்றாகவும் கொள்கிறது.

தொகுத்தலும் தொகுப்பியும்

மூலநிரலை இயங்கு கோப்பாக மாற்றும் மென்பொருளுக்குத் தமிழில் ‘தொகுப்பி’ என்ற கலைச்சொல் நிலைபெற்றுள்ளது. அதே வினையடி, தமிழ் இலக்கிய வரலாற்றில் வேறொரு பொறுப்பையும் குறித்து வந்துள்ளது. சங்கத் தொகைநூல்களைப் பற்றிய பழங்குறிப்புகள் தொகுத்தோன், தொகுப்பித்தோன் என்ற இருவரைப் பிரித்துக் காட்டுகின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. குறுந்தொகைக்குத் தொகுத்தவராகப் பூரிக்கோ பெயர் கிடைக்கிறது. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்பது தெரிய, தொகுத்தவர் பெயர் கிடைக்கவில்லை.

இக்குறிப்புகளின் பயன் வரலாற்றுச் செய்தியோடு முடிவதில்லை. பாடல்களைத் தேர்ந்தவர், வரிசைப்படுத்தியவர், அடியளவு வகுத்தவர் ஒருவர் உண்டு என்பதை அவை வாசகருக்கு உணர்த்துகின்றன. பாடல் புலவருடையது, தொகைநூலின் வடிவம் தொகுத்தோனுடையது. அப்பெயர் தெரியாதபோது ‘தெரியவில்லை’ என்று பதிவு செய்வதும் இம்மரபின் ஒழுங்கே. நிரலின் தொகுப்பி இயந்திரமாதலால் அதற்கு இப்பொறுப்பு இல்லை. எந்தக் கோப்பை, எந்த வடிவில் தொகுப்பியிடம் கொடுப்பது என்று முடிவு செய்யும் நிரலாளருக்கு அது உண்டு. அம்முடிவுகள் எங்கும் பதிவாகாமல் போவதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல்.

உட்பொதிக்கும் முறைகள்

உரையை நிரலுக்குள் வைக்கும் முறைகளை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, உரையை மேற்கோள் குறிகளுக்குள் சரமாக மூலநிரலிலேயே எழுதுதல். இரண்டாவது, உரைக்கோப்பை ஒரு கருவியின் வழி எண்களின் அணியாக மாற்றி மூலநிரலில் சேர்த்தல். விம் உரைத்திருத்தியுடன் வழங்கப்படும் ‘எக்ஸ்எக்ஸ்டி’ இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. மூன்றாவது, இணைப்பியின் வழி சேர்த்தல். லினக்ஸில் குனூ ‘ஆப்ஜ்காப்பி’ கருவி உரைக்கோப்பை நேரடியாக இலக்குக் கோப்பாக மாற்றித் தரும். விண்டோஸில் ‘ரிசோர்ஸ்’ எனப்படும் வளப்பகுதி இப்பணியைச் செய்யும். நான்காவது, நிரல்மொழியே அளிக்கும் வசதி. ரஸ்ட் மொழி உரைக்கோப்பைச் சரமாக உள்ளிழுக்கும் கட்டளையைக் கொண்டுள்ளது. கோ மொழியின் 1.16ஆம் பதிப்பு (பிப்ரவரி 2021) ‘எம்பெட்’ தொகுதியை அறிமுகப்படுத்தியது. சி மொழிக்கு முதல் தரப்பாடு 1989இல் அமைந்தது. ‘எம்பெட்’ என்ற முன்செயலிக் கட்டளை சி23 எனப்படும் தரப்பாட்டில்தான் இடம்பெற்றது. அத்தரப்பாடு 2024இல் வெளியிடப்பட்டது.

மூன்றரைத் தசாப்த கால இடைவெளியில் ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கான வழியை வகுத்துக்கொண்டது. லினக்ஸின் எல்ஃப், விண்டோஸின் பி.இ., மேக் கணினியின் மாக்-ஓ என இயங்கு கோப்பின் கட்டமைப்புகளே வேறுபடுகின்றன. ஆகவே மூன்று தளங்களிலும் இயங்கும் ஒரு தமிழ்க் கருவிக்குள் ‘ஒரே’ உரை மூன்று வழிகளில் நுழைந்திருக்கக்கூடும். அவை உண்மையில் ஒரே உரைதானா என்பது மூலபாட ஆய்வின் முதல் வினா.

உட்பொதிக்காமல் வெளியில் வைக்கும் மரபும் உண்டு. குனூ ‘கெட்டெக்ஸ்ட்’ முறையில் மொழிபெயர்ப்புகள் தனிக்கோப்புகளாகவே இருக்கும். கோப்பின் தலைப்பகுதியில் குறியேற்றம் குறிக்கப்படும். ‘ஹன்ஸ்பெல்’ எழுத்துப்பிழை திருத்தியின் விதிக்கோப்பும் தன் குறியேற்றத்தைத் தானே அறிவிக்கிறது. ஆண்ட்ராய்டு செயலியின் பொதி, ஜிப் வடிவில் அமைந்தது. அதன் இணைப்புக் கோப்பகத்தில் உரைக்கோப்பாகவே வைக்கப்பட்ட நூலைப் பிரித்தெடுக்க இயலும். ஆகவே உரை மறையும் அளவு முறைக்கு முறை வேறுபடுகிறது என்பதை மனத்தில் இருத்தியே மதிப்பிட வேண்டும்.

குறியேற்றமும் பைட்டுக் கணக்கும்

‘கம்மாபுரம்’ என்ற ஊர்ப்பெயரில் தமிழ் இலக்கண மரபுப்படி ஆறு எழுத்துகள் உள்ளன: க, ம், மா, பு, ர, ம். ஒருங்குறியில் இப்பெயர் பத்துக் குறியெண்களாகப் பிரியும். புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியெண் பெறுவதே இதற்குக் காரணம். யு.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு ஆதலால் இப்பெயர் 30 பைட்டாகிறது. யு.டி.எஃப்-16 வடிவில் 20 பைட்டு. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியுடன் சேர்த்து ஏற்ற ‘டேஸ் 16’ குறியேற்றத்தில் எழுத்துக்கு இரண்டு பைட்டாக 12 பைட்டு. பழைய ‘டிஸ்கி 1.7’ குறியேற்றத்தில் 7 பைட்டு. ஒரே பெயர் நான்கு நீளங்களைப் பெறுகிறது.

வெளியே இருக்கும் உரைக்கோப்பாயின், வாசிக்கும் மென்பொருள் குறியேற்றத்தை மாற்றிக்கொள்ளலாம். நிரலுக்குள் புகுந்த பின்னர் அந்த நீளமும் வடிவமும் நிலைபெற்றுவிடுகின்றன. எழுத்தெண்ணிக்கை கேட்கும் ஆய்வாளருக்கு 6 என்பதற்குப் பதிலாக 10 அல்லது 30 என்ற விடை கிடைப்பது நிரலாளரின் கவனத்தைப் பொறுத்தது. எழுத்தையும் அசையையும் அடிப்படையாகக் கொண்ட யாப்பாய்வில் இது சிறு பிழையன்று.

பைட்டு வரம்புகளும் எல்லா மொழிகளையும் சமமாகப் பாதிப்பதில்லை. ஜாவா மொழியின் வகுப்புக் கோப்பில் ஒரு மாறிலிச் சரம் 65,535 பைட்டைத் தாண்ட இயலாது. மைக்ரோசாஃப்ட் தன் சி++ தொகுப்பிக்கான ஆவணத்திலும் ஒரு சரத்துக்கு இதே வரம்பைக் குறித்துள்ளது. திருக்குறளின் 1330 குறள்களில், குறளுக்கு ஏழு சீராக 9310 சீர்கள் உள்ளன. சீருக்குச் சராசரியாக நான்கு குறியெண் என மிகக் குறைவாகக் கொண்டாலும் யு.டி.எஃப்-8 வடிவில் 1,11,720 பைட்டு ஆகும். எழுத்துக்கு ஒரு பைட்டு பெறும் இலத்தீன் வரிவடிவ நூல் ஒன்று இதே எண்ணிக்கையிலான குறியெண்களுடன் 37,240 பைட்டில் வரம்புக்குள் அடங்கிவிடும். தமிழ் நூல் துண்டாக்கப்பட்டே உள்ளே செல்ல வேண்டியுள்ளது. அதிகார எல்லையில் துண்டாக்கினால் தீங்கில்லை. பைட்டு எண்ணிக்கையில் துண்டாக்கினால் ஒரு குறியெண்ணின் நடுவிலேயே பிளவு விழக்கூடும்.

மற்றொரு சிக்கல் ஒகர, ஓகார, ஔகார உயிர்க்குறிகளைச் சார்ந்தது. ‘பொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை 3018 என்ற ஒற்றைக் குறியெண்ணாகவும், 3014, 3006 என்ற இரு குறியெண்களின் சேர்க்கையாகவும் எழுதலாம். ஒருங்குறித் தரப்பாடு இவ்விரண்டையும் நிகரெனக் கொள்கிறது. திரையிலும் வேறுபாடு தோன்றாது. பைட்டுகளை ஒப்பிட்டுத் தேடும் நிரலோ இரண்டையும் வேறு சொற்களாகக் கருதும். இயல்பாக்கம் செய்யாமல் உட்பொதித்த உரையில் ‘பொருள்’ என்ற சொல்லைத் தேடினால் சில வருகைகள் விடுபடும். ஏட்டில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வேறுபாடு இல்லாமையால் எகர ஏகார மயக்கம் நேர்ந்ததைப் பதிப்பாசிரியர்கள் அறிவர். அங்கு மயக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கு அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

குறியேற்றத்தைச் சரிபார்ப்பதில் கருவிகள் ஒன்றுபோல் இல்லை. ரஸ்ட் மொழியின் உரைச்சரக் கட்டளை, கோப்பு முறையான யு.டி.எஃப்-8 ஆக இல்லாவிடில் தொகுக்க மறுத்துவிடும். ஆதலால் டிஸ்கியில் அமைந்த பழைய உரையைத் தவறுதலாகக் கொடுத்தால் பிழை உடனே தெரியவரும். எக்ஸ்எக்ஸ்டி, ஆப்ஜ்காப்பி, சி23இன் எம்பெட் ஆகியவை பைட்டுகளை அப்படியே ஏற்கும். விண்டோஸில் தமிழுக்கெனப் பழைய எட்டுபிட்டுக் குறிப்பக்கம் கிடையாது. ஆகவே மைக்ரோசாஃப்ட் தொகுப்பியிடம் யு.டி.எஃப்-8 எனத் தெரிவிக்காமல் சாதாரணச் சரமாகத் தமிழை எழுதினால், எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். அதற்கு எச்சரிக்கை மட்டுமே கிடைக்கும், நிரல் உருவாகிவிடும்.

கோப்புப் பெயரும் இயங்குதள வேறுபாடும்

உட்பொதித்த உரையை நிரல் அழைப்பதற்கு ஒரு பெயர் தேவை. ஆப்ஜ்காப்பி அப்பெயரைக் கோப்புப் பெயரிலிருந்தே உருவாக்குகிறது. இலத்தீன் எழுத்தும் எண்ணும் அல்லாத ஒவ்வொரு பைட்டையும் அடிக்கோடாக மாற்றிவிடுகிறது. எக்ஸ்எக்ஸ்டியும் இதைப் போன்ற மாற்றத்தையே செய்கிறது. திருக்குறளின் முப்பாலை ‘அறம்’, ‘பொருள்’, ‘இன்பம்’ என்ற மூன்று கோப்புகளில் வைத்து உட்பொதிப்பதாகக் கொண்டால் விளைவு இவ்வாறு அமையும். ‘அறம்’ நான்கு குறியெண், 12 பைட்டு, பன்னிரண்டு அடிக்கோடுகள். ‘பொருள்’ ஆறு குறியெண், 18 பைட்டு. ‘இன்பம்’ ஆறு குறியெண், 18 பைட்டு. பின்னிரண்டும் பதினெட்டு அடிக்கோடுகளாகி ஒரே பெயரைப் பெறுகின்றன. இரண்டையும் ஒரே நிரலில் சேர்க்க முயன்றால் பெயர் இரட்டித்ததாக இணைப்பி பிழை காட்டும். பொருட்பாலும் இன்பத்துப்பாலும் கருவியின் பார்வையில் பெயரளவில் வேறுபாடற்றுப் போகின்றன.

இயங்குதளம் மாறும்போது இது மேலும் சிக்கலாகிறது. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமையாகிய எச்.எஃப்.எஸ். பிளஸ், கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும். அங்கு ‘பொருள்’ ஏழு குறியெண்களாகி 21 பைட்டு பெறும். லினக்ஸில் மோதிய பெயர்கள் அங்கு மோதாமல் போகலாம். ஓரிடத்தில் தொகுக்கப்படும் நிரல் மற்றோரிடத்தில் தொகுக்கப்படாமைக்குக் காரணம், திரையில் ஒன்றுபோலவே தோன்றும் ஓர் ஒகரக் குறியாக இருக்கக்கூடும். நடைமுறையில் நிரலாளர்கள் கோப்புகளுக்கு ஆங்கிலப் பெயரிட்டு இச்சிக்கலைத் தவிர்க்கின்றனர். அதனால் நூலின் தமிழ்ப்பெயர் நிரலின் எப்பகுதியிலும் இல்லாமலேயே போகும் நிலையும் உண்டு.

உரையின் உள்ளேயும் தள வேறுபாடுகள் புகும். விண்டோஸ் மரபில் வரிமுடிவு இரண்டு பைட்டு; லினக்ஸ் மரபில் ஒன்று. விண்டோஸ் நோட்பேட், 2019 வரை யு.டி.எஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட்டு அடையாளம் ஒன்றைச் சேர்த்து வந்தது. அக்கோப்பை அப்படியே உட்பொதித்தால் நூலின் முதலெழுத்துக்கு முன் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி நிற்கும். அகரத்தில் தொடங்கும் குறள்களைப் பட்டியலிடச் சொன்னால் முதற்குறளே விடுபடும்.

இவற்றையெல்லாம் வெளியிலிருந்து சரிபார்ப்பதும் தமிழுக்கு அரிது. இயங்கு கோப்புக்குள் உள்ள உரைத்துண்டுகளைக் காட்டும் ‘ஸ்ட்ரிங்ஸ்’ என்ற குனூ கருவி, இயல்பான அமைப்பில் ஏழுபிட்டு எழுத்துகளை மட்டுமே அடையாளம் காணும். ஆங்கில உரையை அது வரிசையாகக் காட்டிவிடும், யு.டி.எஃப்-8 தமிழைக் கடந்து சென்றுவிடும்.

மறையும் பதிப்பு

மேற்கண்டவை பைட்டு நிலைச் சிக்கல்கள். இவற்றைவிட ஆழமானது பதிப்பு மறைவது. திருக்குறள் உட்பொதிக்கப்படும்போது பெரும்பாலும் 1330 உறுப்புகள் கொண்ட அணியாக அமைகிறது. குறளின் எண்ணே அணியின் வரிசையெண். அந்த எண்வரிசை பரிமேலழகர் உரையைத் தழுவியது. பரிமேலழகருக்கு முற்பட்ட மணக்குடவர் உரையில் அதிகார வைப்பும் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசையும் பல இடங்களில் வேறுபடுகின்றன, பாடவேறுபாடுகளும் உள்ளன. அச்சுப்பதிப்பாயின் ‘பரிமேலழகர் உரையுடன்’ என்ற முகப்புக் குறிப்பு இதை வாசகருக்கு அறிவித்துவிடும். அணிக்கு முகப்பு இல்லை. பல பாடங்களுள் ஒன்றாகிய பாடம், மாற்றே இல்லாத மூலமாகத் தோற்றம் கொள்கிறது. சீர் பிரித்த பாடமா, சந்தி பிரித்த பாடமா என்ற வேறுபாடும் இவ்வாறே மறைகிறது. சொல்லெண்ணிக்கை இவ்வேறுபாட்டையே முற்றிலும் சார்ந்தது.

மின்னுரை மரபு இப்பொறுப்பை அறியாததன்று. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன் மின்னுரை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மூலப்பதிப்பு, உள்ளீடு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகிய விவரங்களைத் தருகிறது. அத்தலைப்பக்கம் குலையாமல் இருக்கும்வரை கோப்பைத் தடையின்றிப் பரப்பலாம் என்பது அதன் நிபந்தனை. இத்தலைப்பக்கம், தொகைநூல்களின் தொகுத்தோன், தொகுப்பித்தோன் குறிப்புக்கு நேரான மின்வடிவம் எனலாம். உட்பொதிப்பின் முதற்படியில் நீக்கப்படுவது பெரும்பாலும் இப்பகுதியே. அணியில் குறளுக்கு மட்டுமே இடம் உண்டு. ‘உள்ளீடு செய்தவர்’ என்ற வரி அங்குப் பொருந்தாத் தரவாகிவிடுகிறது. இதனால் ஊதியமின்றி உழைத்தோரின் பெயர் மறைவதுடன், பிழை காணப்பட்டால் எந்த அச்சுப்பதிப்போடு ஒப்பிட வேண்டும் என்ற தடயமும் அழிகிறது.

திருத்தம் சென்றடைவதும் தடைப்படுகிறது. மின்னுரையில் ஒரு பிழை திருத்தப்பட்டால், அதைத் தனிக்கோப்பாகப் பயன்படுத்துவோர் புதிய கோப்பை எடுத்துக்கொள்ளலாம். உட்பொதித்த நிரலோ மீண்டும் தொகுக்கப்பட்டு, மூன்று தளங்களுக்கும் வெளியிடப்பட்டு, பயனரால் நிறுவப்பட்டால்தான் திருத்தம் பெறும். உருவாக்கியவர் பணியைக் கைவிட்டால் பிழை நிலைபெற்றுவிடும். சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்த உ.வே.சாமிநாதையர், தம் பதிப்புகளின் மறுபதிப்புகளில் புதிதாகக் கிடைத்த ஏடுகளைக் கொண்டு பாடங்களைத் திருத்தி வந்தார், பிரதிபேதங்களையும் அச்சிட்டார். பதிப்பு, தொடர்ந்து திருத்தம் பெறும் பணி என்ற அக்கொள்கைக்கு மூடிய நிரல் இடம் தருவதில்லை.

தில்லை மரபு தரும் அளவுகோல்

மூடிவைத்த உரையின் கதியைப் பற்றிய விரிவான மரபு சிதம்பரத்தைச் சார்ந்தே வழங்குகிறது. உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணத்தின்படி, மூவர் பாடிய திருப்பதிக ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் மூவரின் கையடையாளத்துடன் பூட்டப்பட்டிருந்தன. மூவரும் வந்தாலன்றித் திறக்கலாகாது என்பது நிபந்தனை. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறந்தபோது, ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன, எஞ்சியவையே திருமுறைகளாயின. இம்மரபின் வரலாற்று உண்மை தனி ஆய்வுக்குரியது. உரைக்காப்பு பற்றிய ஒரு பட்டறிவு இதில் பொதிந்துள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது.

பூட்டு, ஏட்டைப் பிறர் கையிலிருந்து காத்தது, செல்லிலிருந்து காக்கவில்லை. திறக்கும் உரிமை பெற்றோர் இல்லாத காலத்தில் காப்பே இழப்புக்கு வழியாயிற்று. இதே மரபு மற்றொன்றையும் கூறுகிறது. பதிகங்களின் பண்முறை அவ்வறையில் கிடைக்கவில்லை. விருத்தாசலம் பகுதியிலுள்ள திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருவரிடமிருந்து பெறப்பட்டது. அறைக்கு வெளியே வழக்கில் இருந்ததே மீண்டது. திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் இல்லாது, பிற்காலத்தில் கல்வெட்டிலிருந்து கிடைத்ததும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. உரையின் நிலைபேறு ஒரு படியின் உறுதியைக் காட்டிலும், வெவ்வேறு வடிவில் அமைந்த பல படிகளின் இருப்பைச் சார்ந்தது என்பதே இச்சான்றுகளின் கருத்து.

நிரலைப் பொறுத்தவரை செல்லரிப்புக்கு நிகரானது இயங்குதளம் வழக்கொழிதல். இயங்கு கோப்பு குறிப்பிட்ட செயலிக்கும் இயக்க முறைமைக்கும் உரியது. அவை வழக்கொழிந்தால், உள்ளிருக்கும் குறள் ஒரு பைட்டும் குறையாமல் இருந்தும் வாசிக்க இயலாததாகிவிடும்.

மறுதரப்பும் எல்லையும்

உட்பொதித்தலுக்கு வலுவான காரணங்களும் உள்ளன. ஒரே கோப்பாக வழங்கப்படும் கருவியில் உரைக்கோப்பு தொலைந்துபோக வழியில்லை. இணைய இணைப்பில்லாத வகுப்பறையிலும் அது இயங்கும். கோப்பு முகவரியில் தமிழெழுத்து இருந்தால் நேரும் தள வேறுபாடுகள் இயக்க நேரத்தில் எழுவதில்லை. பயனர் அறியாமல் உரையை மாற்றிவிடும் வாய்ப்பும் குறைவு. சிற்றூர்ப் பள்ளி மாணவர் கைக்குத் திருக்குறளைக் கொண்டு சேர்ப்பதே நோக்கமாயின் இம்முறையைக் குறை கூற இயலாது.

ஆயினும் எவ்வகை உரையை உட்பொதிக்கலாம் என்பதில் வேறுபாடு காண வேண்டும். மாறும் பட்டியல்கள் இம்முறைக்கு ஒவ்வா. தமிழக அரசு 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றிய அரசாணையை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அவ்விடைவெளியில் ஊர்ப்பட்டியலை உட்பொதித்துத் தொகுக்கப்படும் ஒரு நிரல், திரும்பப் பெற்ற வடிவங்களையே தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். நிலைபெற்ற இலக்கிய உரை இவ்வாறு நாள்தோறும் மாறுவதில்லை. அதை உட்பொதிப்பது ஏற்கத்தக்கது. பதிப்பு விவரத்துடன் உட்பொதிக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

உட்பொதிப்புக்கான பதிப்பு நெறிகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் ஆறு நெறிகளை வகுக்கலாம்.

1. மூலப்பதிப்பு, உரையாசிரியர் வரிசை, உள்ளீடு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகிய விவரங்களடங்கிய தலைப்பக்கம் உரையுடன் சேர்த்தே உட்பொதிக்கப்பட வேண்டும். ஒரு கட்டளையில் அது திரையில் தோன்ற வேண்டும்.

2. குறியேற்றமும் இயல்பாக்க வடிவமும் அறிவிக்கப்பட வேண்டும். தொகுப்பதற்கு முன்பே தொடக்க அடையாளம் நீக்கப்பட்டு, வரிமுடிவு ஒருமைப்படுத்தப்பட வேண்டும்.

3. மூன்று தளங்களிலும் உள்ள உரை ஒன்றே என்பதை மெய்ப்பிக்க, உட்பொதித்த உரையின் ஹாஷ் மதிப்பை நிரலே கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.

4. உரையை மீண்டும் தனிக்கோப்பாக வெளியே எடுக்கும் வசதி கட்டாயமாக இருக்க வேண்டும்.

5. உரைக்கோப்பு, திருத்த வரலாற்றுடன் மூலநிரலிலிருந்து தனியே பேணப்பட வேண்டும்.

6. கருவிக்குரிய பெயர் எவ்வாறு அமைந்தாலும், நூலின் தமிழ்ப்பெயர் தரவாக உள்ளே இருக்க வேண்டும்.

இவற்றுள் எதுவும் தொழில்நுட்ப அளவில் அரிதன்று. தலைப்பக்கம் சில நூறு பைட்டு. ஹாஷ் கணக்கீடு சில வரி நிரல். ஆய்வாளர் தரப்பிலும் ஒரு கடமை உண்டு. கருவி தரும் எண்ணிக்கையை மேற்கோள் காட்டும்போது கருவியின் பதிப்பெண்ணையும் அதனுள் உள்ள உரையின் பதிப்பையும் குறிக்க வேண்டும். இரண்டாவதைக் குறிக்க இயலாவிடில் அவ்வெண்ணிக்கையைச் சான்றாகக் கொள்வதைத் தவிர்க்க வேண்டும். ஆய்வு நெறியாளர்களும் மதிப்பீட்டாளர்களும் இதனை வலியுறுத்தினால், கருவி உருவாக்குவோரும் தலைப்பக்கத்தைப் பேணும் தேவையை உணர்வர்.

முடிவுரை

உரைக்கோப்பை நிரலுக்குள் உட்பொதித்தல், தமிழ் உரையின் பைட்டு வடிவத்தையும் பெயரையும் பதிப்புச் சான்றையும் ஒருசேரப் பாதிக்கிறது என்பது இக்கட்டுரையால் பெறப்பட்டது. தமிழுக்கு யு.டி.எஃப்-8 வடிவில் மும்மடங்கு பைட்டு தேவைப்படுவதும், கருவிகள் இலத்தீன் எழுத்தை மட்டுமே பெயரெழுத்தாக ஏற்பதும், ஒகரக் குறிக்கு இருவகை வடிவம் இருப்பதும் இப்பாதிப்பைப் பிறமொழிகளைவிட மிகுவிக்கின்றன. பரிமேலழகர் வரிசை பெயரற்ற எண்ணாக மாறுவதும், மதுரைத் திட்டத்தின் தலைப்பக்கம் போன்ற பதிப்புச் சான்றுகள் நீங்குவதும் மூலபாட ஆய்வு நோக்கில் இழப்புகளாகும். தொகுத்தோன் பெயரை அறியாத இடத்தும் அறியாமையைப் பதிவு செய்தது தமிழ்த் தொகை மரபு. பெயரும் பதிப்பும் தெரிந்த இக்காலத்தில் அவற்றை நிரலுக்குள் பதிவு செய்யாது விடுவதற்கு நியாயம் இல்லை. உள்ளே வைக்கப்படும் உரையை வெளியே எடுக்கவும், ஒப்பிடவும், திருத்தவும் வழி அமைந்தால், நிரலும் நம்பத்தகுந்த ஒரு படியாக ஆய்வுலகில் இடம்பெறும்.